சைக்கிளில் சென்னையைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரசைவாக்கத்தில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக, வாரத்தில் நான்கு நாளாவது விடிவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் கிளம்பிவிடுவேன். உடம்பு இளைக்க இல்லை, ஊரைப் பார்க்க. அக்கம்பக்கத்தார், அலுவலகத் தோழிகள், வழியில் டீக்கடையில் நிற்பவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நடந்தே பார்க்கலாமே, சைக்கிள் எதற்கு?

நடந்தால் ஒரு தெருவை நன்றாகப் பார்க்கலாம். அந்தத் தெருவுக்கும் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு தெருவுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் தெரியாது. அது தெரிய சைக்கிள் வேண்டும்.

ஆரம்பத்தில் ஒரு நாள் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். மணி நாலரை இருக்கும். பக்கத்தில் அன்னக்கூடையோடு நின்ற அம்மாவை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. அவர் முந்திக்கொண்டார். "நீ வெள்ளாளத் தெரு பொண்ணுதானே? நம்மகிட்ட நெத்திலி வாங்குவியே, இங்க எங்க வந்த?" ஆறேழு வருடமாக எங்கள் தெருமுனையில் ஏழு மணிக்கு உட்காருகிறவர். அந்த ஏழு மணிக்கு முன்னால் அவருக்கு ஒரு முழு வேலைநாள் கழிந்திருக்கிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு மணிக்கு எழுந்து, நாலைந்து பேர் சேர்ந்து ஆட்டோ பேசி, ஏலத்தில் நின்று, ஐஸ் உடைத்துப் போட்டு, கூடையை ஏற்றிக்கொண்டு வருகிறார். நான் அன்று சைக்கிளில் வீடு திரும்பிக் குளித்துவிட்டுத் தெருமுனைக்குப் போனபோது அதே சங்கரா மீன் அங்கே இருந்தது. விலை கூடியிருந்தது. எதனால் கூடியது என்று முதல் முறையாக எனக்குத் தெரிந்திருந்தது.

பைக்கிலும் போகலாம்தான். ஆனால் ஹெல்மெட்டும் எஞ்சின் சத்தமும் காதை அடைத்துவிடும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குக் காது திறந்திருக்கும், மூக்கும் திறந்திருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் காலை ஊன்றினால் போதும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். எங்கே போகலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். எப்போது போகலாம் என்று கேட்டால் ஊர் தானாகத் திறக்கும். ஒரே முக்கு நாலு மணிக்கு ஒருவருடையது, ஆறு மணிக்கு இன்னொருவருடையது, பத்து மணிக்கு வேறொருவருடையது.

நாலு மணிக்கு மூடிய கடைகளின் படிக்கட்டில் பேப்பர் பிரிப்பார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் பத்திரிகைக் கட்டுகள் அவிழ, இணைப்பிதழைப் பிரதான இதழுக்குள் செருகும் கைகளைப் பாருங்கள், கண் அதன் பக்கமே போகாது. யார் வீட்டுக்கு எந்தப் பத்திரிகை என்பது பையன் தலைக்குள் இருக்கிறது. அதே நேரத்தில் ஆவின் வண்டி வந்து டப்புகளை இறக்கும். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பாக்கெட்டின் நிறத்தைச் சொல்லித்தான் பேச்சு.

ஐந்து மணிக்கு டீக்கடை பாய்லர் கொதிக்கும். முதல் டீ குடிப்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் அல்ல, வேலை முடிந்து வருகிறவர்கள்: ஏ.டி.எம். வாட்ச்மேன், இரவு ஷிப்ட் ஆட்டோக்காரர், ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கக் கண்விழித்த ஆயா. ஐந்தரையிலிருந்து வாசல் தெளிக்கும் சத்தம். மார்கழியில் இது இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடும். அப்போது சைக்கிளை ஓரமாக ஓட்டாமல் நடுத்தெருவில் ஓட்டுங்கள், ஓரம் முழுக்கக் கோலம்.

ஆறு மணிக்குத் துப்புரவுப் பணியாளர்கள் வருகை கொடுக்கக் கூடுவார்கள். பெரும்பாலும் பெண்கள். கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பத்து நிமிடம் மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பார்கள். இஸ்திரி வண்டிக்காரர் கரி பற்றவைப்பது ஏழரைக்கு. அதற்குப் பிறகு பள்ளி ஆட்டோக்களும் தண்ணீர் லாரிகளும் தெருவை எடுத்துக்கொள்ளும். நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

வாரம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கும் போய்ப் பாருங்கள். அது வேறு ஊர்.

எந்தப் பகுதியில் பார்க்க அதிகம் இருக்கிறது?

ஜார்ஜ் டவுன். இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு.

பாரிமுனைக்கு வடக்கே இருக்கும் அந்தப் பழைய தெருக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். கோடவுன் தெரு முழுக்கத் துணி. ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். நைனியப்ப நாயக்கன் தெருவுக்குள் நுழைந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், ரசாயனமும் எசென்சுமாக மணக்கும். பத்ரியன் தெருவில் பூ. தங்கசாலைத் தெருவில், அதாவது மின்ட் தெருவில், காலையிலேயே நெய்யில் ஜிலேபி பொரியும் வாசனை. சவுக்கார்பேட்டை மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் கோயிலுக்குப் போகும் நேரம் அது. இரண்டு கிலோமீட்டருக்குள் இத்தனை வாசனை மாறுவது வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தத் தெருக்களைப் பகலில் பார்த்தவர்கள் நெரிசலை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். ஐந்து மணிக்குப் போனால் கடைகளின் ஷட்டருக்கு மேலே இருக்கும் வீடுகள் தெரியும்: மரத் தூண், இரும்புக் கிராதி வைத்த பால்கனி, சுண்ணாம்புப் பூ வேலை. கீழே மூன்று சக்கர வண்டிகளின் பலகை மேல் அவற்றை ஓட்டுகிறவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே பெல் அடிக்காதீர்கள்.

கொஞ்சம் வடக்கே போனால் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. தூண் வரிசை வைத்த பெரிய முகப்பு. பத்து நிமிடம் நிற்கலாம். அங்கிருந்து காசிமேடு மிதிக்கும் தூரம்தான்.

கோயம்பேடு சந்தை 1996இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் காய்கறி மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுனில் இருக்கும் கொத்தவால்சாவடியில் நடந்தது. கோயம்பேட்டுக்குள் சைக்கிளை ஓட்ட முடியாது. பூ மார்க்கெட் பக்கம் நிறுத்திவிட்டு நடங்கள். பிறகு அடுத்த நாள் மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய், அங்கே உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாக்களிடம் உதிரிப்பூ எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இரண்டு நாள் பார்த்தது ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

மெரினாவை எல்லாரும் சொல்வார்கள், நானும் போவேன். ஒரே ஒரு விஷயம்: உழைப்பாளர் சிலையைச் சுற்றி ஒரு முறை மெதுவாகப் போங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தது. பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகைப் பார்த்துவிட்டுப் பிறகு சாவடித் தெருக்களில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்தால், சிற்பி எவ்வளவு கவனித்திருக்கிறார் என்பது புரியும். கால் பெருவிரல் தரையைப் பிடிக்கும் விதம்கூட அப்படியே இருக்கிறது.

எந்த சைக்கிள் வாங்கலாம்? கியர் வேண்டுமா?

வேண்டாம். சென்னை சமதரை, ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். என்னுடையது பழைய மாடல் கறுப்பு சைக்கிள். நிமிர்ந்து உட்கார வேண்டும், ஏனென்றால் குனிந்து ஓட்டினால் சாலைதான் தெரியும், ஆட்கள் தெரிய மாட்டார்கள். கேரியர், நல்ல பெல், ஸ்டாண்டு மூன்றும் அவசியம். ஸ்டாண்டு இல்லாத விலையுயர்ந்த சைக்கிளில் வருகிற நண்பர்கள் எங்கேயும் இறங்குவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். சாய்த்து வைக்கச் சுவர் தேடுவதற்குள் பார்க்க வேண்டியது போய்விடும்.

ஒரு பெண் தனியாக நாலு மணிக்குப் போவது பாதுகாப்பா?

இதை ஆண்களும் கேட்கிறார்கள், பெண்களும் கேட்கிறார்கள். கேட்கும் காரணம் வேறு வேறு.

சைக்கிள் எனக்கு அம்மா வழியாக வந்தது. எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவுசெய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதிய அளவு கிடைக்கவில்லை. பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதும் ஒரு காரணம். அந்தப் பாரில் உட்கார்ந்து போன குழந்தை நான். தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னை முன்னால் வைத்துக்கொண்டு, அம்மா சந்தைக்குப் போவாள். யார் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் மாடு கன்று போட்டிருக்கிறது என்று ஓட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டு வருவாள். பார்ப்பது என்பதை அப்படித்தான் கற்றேன்.

அதனால் என் பதில் இது. பயம் இருந்தது, இப்போதும் சில இடங்களில் இருக்கிறது. நாலு மணிக்கு ஆள் நடமாட்டம் இல்லாத அகலமான சாலைகளில் போக மாட்டேன். சந்தை, துறைமுகம், பால் இறங்கும் தெரு, பூக்கடை என்று பெண்கள் வேலை செய்யும் இடங்களை இணைத்து வழி போட்டுக்கொள்வேன். அந்த நேரத்தில் சென்னையில் எத்தனை பெண்கள் தெருவில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரே வழியில் ஒரு மாதம் போனால் நாலு பேருக்கு முகம் தெரிந்துவிடும். இரண்டு நாள் வராவிட்டால் "எங்கம்மா காணோம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் என் பாதுகாப்பு.

முதல் மாதம் துணைக்கு யாரையாவது அழைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

முகம் தெரியாதவர்களை இப்படிப் பார்ப்பது தவறில்லையா?

தவறாகவும் முடியும். எனக்கு இதில் ஒரு பாடம் கிடைத்தது. கொத்தவால்சாவடிப் பக்கம் மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒரு பெரியவர் மூட்டையை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார். "இன்னாம்மா பாக்குற? எதுனா வேணுமா?" கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அவர் உழைப்பை ஒரு காட்சியாக வைத்து நான் ரசித்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த நிமிடம் உறைத்தது.

அன்றிலிருந்து சில வழக்கங்கள் வைத்துக்கொண்டேன். நின்றால் ஏதாவது வாங்குவேன், டீயாவது குடிப்பேன். வாங்க எதுவும் இல்லையென்றால் வணக்கம் சொல்லி, பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலானவர்கள் தங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால் மனமுவந்து சொல்வார்கள். எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்று தொடங்குங்கள், எவ்வளவு கிடைக்கும் என்று தொடங்காதீர்கள்.

நடைபாதையில் குடும்பமாக வாழ்கிறவர்கள் இருக்கும் இடத்தில் நிற்பதே இல்லை. அது அவர்கள் படுக்கையறை, சமையலறை, குளியலறை. சுவர் இல்லை என்பதால் எட்டிப் பார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. சென்ட்ரலுக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் வெளியூரிலிருந்து வந்தவர்கள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள், உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே பார்வையை நேராக வைத்துக்கொண்டு போய்விடுவேன். வழி கேட்டால் மட்டும் நிற்பேன்.

போட்டோ எடுப்பீர்களா?

மிகக் குறைவு. மூன்று முறையாவது பேசிய பிறகு, கேட்டு, அவர்கள் சரியென்றால் எடுப்பேன். எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நெத்திலி அம்மாவின் படம் அவர் வீட்டு சாமி அலமாரியில் இருக்கிறதாம், மகள் சொன்னாள்.

சைக்கிளே பிழைப்பாக இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், நிறைய. கார் ஓட்டுகிறவர் கண்ணில் படாமல் இருக்கிறார்கள்.

இரவில் கேரியரில் டீ கேனும் ஹேண்டில்பாரில் பேப்பர் கப் பையுமாக வருகிறவர்களைப் பாருங்கள். சுக்குக் காபியும் இருக்கும். கடைகள் மூடிய பின் ஊரில் விழித்திருக்கிற எல்லாரையும் அவர்களுக்குத் தெரியும்: வாட்ச்மேன், ரோந்துப் போலீஸ், மெட்ரோ வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள். எந்த இடத்தில் கான்கிரீட் போடுகிறார்கள், எங்கே ஆள் அதிகம் என்று அவர்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். சாணை பிடிக்கிறவர் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பெடலை மிதித்துக் கல்லைச் சுற்றுவார், வண்டியும் பட்டறையும் ஒன்றே.

மீன்பாடி வண்டி சென்னையின் சொத்து. முன்னால் பலகை, பின்னால் சீட், பெயர் மீனுக்கு வந்தது என்றாலும் ஐஸ் கட்டி, இரும்புக் கம்பி, பீரோ, வீடு மாற்றும் சாமான் எல்லாம் அதில்தான் போகும். இப்போது பலவற்றில் பழைய மோட்டார் பொருத்திவிட்டார்கள். மிதிக்கிற வண்டிகள் ஜார்ஜ் டவுனில் இன்னும் ஓடுகின்றன. இந்த ஊரில் மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷா 1973வரை இருந்தது. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அதை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். அப்பா கைரிக்‌ஷா, தான் சைக்கிள் ரிக்‌ஷா, மகன் ஆட்டோ என்று ஒரே வரியில் தன் குடும்பத்தைச் சொன்ன ஒரு பெரியவரை சூளைப் பகுதியில் தெரியும். மகன் இப்போது செயலி வழியாகத்தான் சவாரி எடுக்கிறான், ராத்திரி எப்போது வீட்டுக்கு வருவான் என்று தெரியாது என்றார்.

இவர்களோடு ஒரே சாலையில் போகும்போது ஒன்றை மட்டும் செய்யுங்கள்: சுமை வண்டிக்கு வழி விடுங்கள். நின்றுபோன பாரவண்டியை மறுபடி கிளப்புவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பது மிதிக்கிறவருக்குத்தான் தெரியும். மேம்பால ஏற்றத்தில் ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தால், நம் சைக்கிளை ஓரம் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒரு கை கொடுக்கலாம்.

நாய், போக்குவரத்து, மழை?

நாய் துரத்தினால் மிதித்து ஓடாதீர்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு நடங்கள், தானே அடங்கும். எட்டு மணிக்கு மேல் அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை இரண்டிலும் நான் ஓட்டுவதில்லை. உட்தெருக்கள் போதும்.

மழைக்காலத்தில் கவனம் தேவை. ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய நீருக்குள் சைக்கிளை விடவே கூடாது. கீழே என்ன திறந்திருக்கிறது என்று தெரியாது. எனக்கு ஒரு முறை முன்சக்கரம் குழிக்குள் இறங்கி முழங்கையில் ஆறு தையல். தெரிந்த தெருவென்றாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

கோடையில் விடிகாலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கடற்கரைக்குப் போவது சுலபமாக இருக்கும், திரும்பும்போது எதிர்க்காற்று. தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.

பார்த்ததை எழுதி வைக்க வேண்டுமா?

நான் வைக்கிறேன். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, ஒரு நாளைக்கு அரைப்பக்கம். நேரம், இடம், யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள். அபிப்பிராயம் எழுதுவதில்லை.

எழுதியதால்தான் இல்லாமல்போனவை தெரிய ஆரம்பித்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த வாரங்களில் என் நோட்டில் காசிமேட்டைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கும்: வலை பின்னுகிறார்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். நெத்திலி அம்மா அப்போது மாம்பழம் விற்பார். சூளையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது, மணிக்கணக்கில் எடுக்கலாம். அது எந்த மாதம் மூடியது என்று அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. என் நோட்டில் ஒரு தேதிக்கு மேல் அது வரவில்லை.

நாளைக்கே தொடங்க நினைக்கிறேன். முதல் நாள் எங்கே போகட்டும்?

உங்கள் தெருவுக்கே. ஐந்து மணிக்கு இறங்கி, வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் மெதுவாகச் சுற்றுங்கள். உங்கள் வீட்டுக்குப் பால் போடுகிறவர், பேப்பர் போடுகிறவர், குப்பை எடுக்கிறவர் மூவரையும் அவர்கள் வேலை தொடங்கும் இடத்தில் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு அதற்கு ஒரு வாரம் பிடித்தது. பேப்பர் போடுகிற பையன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், பள்ளியில் கொடுத்த சைக்கிளில்தான் வருகிறான் என்பது அந்த வாரக் கடைசியில்தான் தெரிந்தது. டயரில் காற்று போதுமா என்று இன்று இரவே அழுத்திப் பார்த்துவிடுங்கள். ஐந்து மணிக்குப் பஞ்சர் கடை திறந்திருக்காது.